"குளிருக்குத்தானே" என்ற பொய்

மலையகத்தில் குடியைப் பற்றி எந்தப் பேச்சு தொடங்கினாலும் இரண்டாவது நிமிசத்தில் இந்தச் சொல் வந்து விழும்: "குளிருக்குத்தானே." அதற்குப் பின்னாலேயே இன்னும் இரண்டு வரும். "அலுப்புக்குத்தானே." "மேல் வலிக்குத்தானே." குடிக்கிறவர் சொல்கிறார். அவருக்காகப் பரிந்து பேசுகிறவர் சொல்கிறார். மதுபானசாலைக்கு அனுமதி வாங்கிக் கொடுக்கிறவர் சொல்கிறார். நுவரெலியாவுக்குச் சுற்றுலா வந்து நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவரும் "பாவம், இந்தக் குளிர்ல அவங்க என்னதான் செய்வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வான் ஏறுகிறார்.

இந்த மூன்று சமாதானமும் பொய். அதுதான் எங்கள் வாதம். குடி பாவம், குடி கேவலம் என்று உபதேசம் பண்ண நாங்கள் வரவில்லை. அதற்குக் கோயிலில் ஆள் இருக்கிறது, மேடையிலும் ஆள் இருக்கிறது. குளிர், அலுப்பு, வலி என்ற மூன்றுக்கும் மருந்தென்று சொல்லி விற்கப்படும் ஒரு பொருள், அந்த மூன்றையும் கூட்டுகிறது என்று சொல்ல வருகிறோம். இதற்குச் சாட்சி எங்கள் அபிப்பிராயம் இல்லை, இரசாயனம். நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், ஆய்வுகூடம் பக்கம் போய் வருசக்கணக்காகிறது. ஆனால் இதற்கு சாதாரண தர விஞ்ஞானப் புத்தகமும் கொஞ்சம் கணக்கும் போதும்.

முதலில், அது என்ன?

அற்ககோல் என்பது ஒரு பொருளின் பெயர் இல்லை, ஒரு குடும்பத்தின் பெயர். காபனும் ஐதரசனும் சேர்ந்த ஒரு சங்கிலி, அதில் ஒரு காபனோடு ஒட்டிக்கொண்டு ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த ஐதரொட்சில் கூட்டம். இவ்வளவுதான் குடும்ப அடையாளம். ஒரு காபன் இருந்தால் மெதனோல், இரண்டு இருந்தால் எதனோல், மூன்று இருந்தால் புரொப்பனோல். கொரோனா காலத்தில் கையில் தேய்த்துக்கொண்ட திரவத்தில் இருந்தது எதனோல், அல்லது புரொப்பனோலின் ஒரு வகை. கிருமியைக் கொன்ற அதே எதனோல்தான் சாராயத்திலும் பியரிலும் கசிப்பிலும் இருக்கிறது. பெயர், போத்தல், விலை, லேபல் எல்லாம் மாறும். மூலக்கூறு மாறாது.

இந்த ஐதரொட்சில் கூட்டம் தண்ணீரோடு நன்றாகக் கலக்கும். காபன் பக்கம் கொழுப்போடும் ஒத்துப்போகும். அதனால் எதனோலுக்கு உடம்பில் எந்தக் கதவும் பூட்டில்லை. மற்ற உணவு மாதிரி செரிக்கத் தேவையில்லை. வயிற்றில் கொஞ்சமும் சிறுகுடலில் பெரும்பகுதியும் நேராக இரத்தத்துக்குள் போகும். வெறும் வயிறு என்றால் இன்னும் வேகம். மூளைக்கும் போகும். வயிற்றில் பிள்ளை இருந்தால் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்கும் போகும்.

எதனோலை உண்டாக்குவது மதுவம். சீனியைத் தின்று எதனோலையும் காபனீரொட்சைட்டையும் வெளியே விடுகிற நுண்ணுயிர். கணக்குப்படி 180 கிராம் குளுக்கோசிலிருந்து 92 கிராம் எதனோல் கிடைக்கும். தென்னங்கள்ளானாலும் பியரானாலும் கசிப்புக்காரர் புதைத்து வைக்கிற கோடாவானாலும் வேலை ஒன்றுதான். எதனோல் கூடக்கூட மதுவமும் அதைத் தாங்காமல் சாகத் தொடங்கும். சாதாரணமாக 15 சதவீதத்துக்கு மேல் அது தாக்குப்பிடிப்பது அரிது. தன்னை உண்டாக்கிய உயிரையே கொல்கிற பொருள் இது. அதற்கு மேல் வலு வேண்டுமென்றால் காய்ச்சி வடிக்க வேண்டும். எதனோல் 78 பாகை செல்சியசில் கொதிக்கும், தண்ணீர் 100இல். அந்த இடைவெளியில்தான் சாராயத் தொழில் முழுக்க நடக்கிறது.

இங்கே ஒரு சின்ன விசயம். தேயிலை ஸ்டோரில் அரைத்த கொழுந்தைப் பரப்பி வைப்பதை "பெர்மன்டிங்" என்று சொல்வார்கள். உண்மையில் அது நொதித்தல் இல்லை, அங்கே மதுவத்துக்கு வேலையும் இல்லை. இலையிலுள்ள நொதியம் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து இலையை ஒட்சியேற்றுகிறது. பச்சை போய்ச் செம்பு நிறம் வருகிறது, மணம் வருகிறது. எதனோல் உள்ளே போனால் எங்கள் ஈரலும் நொதியத்தை வைத்து ஒட்சியேற்றத்தான் பார்க்கிறது. ஆனால் வருவது மணமில்லை, அசற்றல்டிகைட்டு என்ற நஞ்சு. அதைப் பிறகு பார்ப்போம்.

போத்தலுக்குள் எவ்வளவு?

கடையில் விற்கிற சாதாரண சாராயத்தில் எதனோல் ஏறத்தாழ 33.5 சதவீதம். ஒரு கால் போத்தல் 180 மில்லிலீற்றர். அப்படியென்றால் 60 மில்லிலீற்றர் சுத்தமான எதனோல். எதனோல் தண்ணீரைவிட இலேசானது, ஒரு மில்லிலீற்றர் 0.79 கிராம். ஆக ஒரு காலில் 47 கிராம் எதனோல்.

"நாங்க சாராயம் தொடுறதில்ல, பியர்தான்" என்று சொல்கிற எங்கள் வயசுப் பெடியன்களுக்காக இன்னொரு கணக்கு. 8.8 சதவீதம் என்று எழுதிய வலுவான பியர், 500 மில்லிலீற்றர் டின். 44 மில்லிலீற்றர் எதனோல், கிட்டத்தட்ட 35 கிராம். இரண்டு டின் என்றால் 70 கிராம். சம்பள நாளில் ஒரு கால் அடித்துவிட்டு வருகிற அப்பாவைப் பார்த்து முகம் சுளிக்கிற பிள்ளை, கிரிக்கெட் மேட்ச் முடிந்து இரண்டு டின் அடித்தால், அப்பாவை விட ஒன்றரை மடங்கு குடித்திருக்கிறது. பியர் நாகரிகம், சாராயம் காட்டான் என்பதெல்லாம் போத்தலின் சாதி. ஈரலுக்கு அந்தச் சாதி தெரியாது.

இதை ஈரல் என்ன வேகத்தில் அகற்றும்? மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம். புளியைக் கரைத்துக் குடித்தாலும், பச்சைத் தண்ணியைத் தலையில் ஊற்றினாலும், பிளேன்டீ அடித்தாலும் இந்த வேகம் கூடாது. ஒரு காலை முழுசாக அகற்ற ஆறு மணித்தியாலம். அரைப் போத்தல் என்றால் பன்னிரண்டு.

பொய் ஒன்று: குளிர்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று மேலே ஏற ஏற இந்தச் சமாதானத்தின் சத்தமும் ஏறும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல். மாசம் தை என்றால் விடியப்புறம் புல்லில் உறைபனி பார்க்கலாம். குளிர் பொய்யில்லை. மருந்துதான் பொய்.

குளிரும்போது உடம்பு தன்னைக் காப்பாற்ற ஒரு வேலை செய்யும். தோலுக்குப் போகிற இரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூட்டை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் உள்ளே பத்திரமாக வைக்கும். அதனால்தான் கை கால் விறைக்கும். எதனோல் உள்ளே போனதும் அந்தக் குழாய்கள் விரியும். உள்ளேயிருந்த சூடான இரத்தம் தோலுக்கு வரும். சூட்டை உணர்கிற நரம்புகள் தோலில்தான் இருப்பதால் "ஆஹா, சூடாயிடுச்சு" என்று தோன்றும். உண்மையில் நடப்பது, உள்ளேயிருந்த சூடு தோல் வழியாக மழைக்கும் காற்றுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. அடுப்பு எரிகிற காம்பராவின் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் நிற்கிறவனுக்குச் சூடு படுகிறதே என்று சந்தோசப்படுகிற மாதிரி.

அதோடு நிற்காது. நடுக்கம் என்பது தசைகள் ஆடி ஆடிச் சூட்டை உண்டாக்குகிற வழி. எதனோல் அதையும் குறைக்கும். பகல் முழுக்க ஒரு ரொட்டியோடு மலையில் நின்றவருக்கு இன்னொரு அடியும் இருக்கிறது. சாப்பிடாத நேரத்தில் ஈரல்தான் புதிதாகக் குளுக்கோசு செய்து இரத்தத்துக்குக் கொடுக்கும். எதனோலை ஒட்சியேற்றுகிற வேலையில் ஈரல் மாட்டிக்கொண்டால் அந்தக் குளுக்கோசு உற்பத்தி தடைப்படும். இரத்தத்தில் சீனி இறங்கும். எரிக்க விறகில்லாத உடம்பு குளிரை எப்படித் தாங்கும்? மழை இரவில் டவுனிலிருந்து குறுக்குப் பாதையில் இறங்கி வருகிறவர் கானுக்குப் பக்கத்தில் விழுந்து விடியும்வரை கிடந்தால், அவரைக் குளிரிலிருந்து சாராயம் காக்காது. குளிரிடம் அவரைப் பிடித்துக் கொடுத்ததே அதுதான்.

பொய் இரண்டு: அலுப்பு

மூளையில் நரம்புகளை அடக்குகிற சமிக்ஞையும் இருக்கிறது, தூண்டுகிற சமிக்ஞையும் இருக்கிறது. எதனோல் அடக்குவதைக் கூட்டும், தூண்டுவதைக் குறைக்கும். முதலில் அடங்குவது யோசித்து நிதானிக்கிற பகுதி. அதனால்தான் முதல் கிளாசில் ஆள் கலகலப்பாகிறார். பிறகு சிறுமூளை, நடை தள்ளாடுகிறது. அளவு மிகவும் கூடினால் மூச்சை நடத்துகிற மூளைத்தண்டு வரைக்கும் அடங்கி ஆள் சாகலாம். வாந்தி மூச்சுக்குழாயில் அடைத்தும் சாகலாம். போதையில் நினைவில்லாமல் கிடக்கிறவரை "தூங்கட்டும் விடு" என்று மல்லாக்கப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் இருங்கள். எழுப்பியும் எழும்பவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறதென்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

"அடிச்சிட்டுப் படுத்தா நல்லாத் தூக்கம் வருது" என்பார்கள். தூக்கம் சீக்கிரம் வருவது உண்மை. ஆனால் இரவின் பின்பாதியில், எதனோல் இறங்க இறங்க, அடக்கி வைக்கப்பட்ட நரம்புகள் துள்ளி எழும். தூக்கம் உடையும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். உடம்பின் தண்ணீரைப் பிடித்து வைக்கிற ஓர்மோனையும் எதனோல் தடுப்பதால் சிறுநீர் கூடும், நாக்கு வறளும், தலை இடிக்கும். ஆக எட்டு மணித்தியாலம் படுத்துவிட்டு நாலு மணித்தியால ஓய்வோடு எழும்புகிறார். அதிக காலம் குடித்தவருக்குக் காலையில் கை நடுங்குவதும் இந்தத் துள்ளல்தான். அதை அடக்க விடியவே ஒரு வாய். அங்கே அலுப்பைத் தீர்க்கவென்று தொடங்கியது நடுக்கத்தைத் தீர்க்கிற வேலையாக மாறிவிட்டது.

இரவு ஒன்பது மணிக்கு அரைப் போத்தலை முடித்தவருக்குக் காலை பெரட்டு நேரத்திலும் இரத்தத்தில் எதனோல் மிச்சமிருக்கும். அந்த இரத்தத்தோடுதான் அவர் செங்குத்தான மலையில் கவ்வாத்துக் கத்தியைத் தூக்குகிறார், அல்லது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். இலங்கைச் சட்டம் சாரதிக்கு விதித்த எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு காலை வேகமாக முடித்தாலே அந்த எல்லையைத் தாண்டக்கூடும்.

பொய் மூன்று: வலி

எதனோல் கொஞ்ச நேரத்துக்கு வலியை மறைக்கும். மறைப்பது வேறு, ஆற்றுவது வேறு. ஈரலில் எதனோல் அசற்றல்டிகைட்டாக மாறுகிறது என்று மேலே சொன்னோம். அது உயிர்க்கலத்தின் டி.என்.ஏ.யையே சேதப்படுத்தும். இன்னொரு நொதியம் அதை அசற்றிக் அமிலமாக மாற்றி ஆபத்தில்லாமல் பண்ணும், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நேரமெடுக்கும். அந்த இடைநேரம் வருசக்கணக்கில் சேர்ந்தால் ஈரலில் கொழுப்பு, பிறகு வீக்கம், பிறகு தழும்பாகி இறுகிய ஈரல். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மதுபானத்தை 1988இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாவது பட்டியலில் போட்டுவிட்டது. வாய், தொண்டை, களம், ஈரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். வெற்றிலை, புகையிலை போடுகிற வாய்க்கு ஆபத்து இன்னும் கூட. பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 தையில் வெளிப்படையாகவே சொன்னது.

எங்கள் வீடுகளில் இன்னொரு பழக்கம் இருக்கிறது: மேல் வலிக்குப் பெனடோல், அதோடு சாராயம். நெடுநாள் குடிக்கிற ஒருவரின் ஈரல் பெனடோலை நஞ்சாக மாற்றுகிற வழியைக் கூட்டி வைத்திருக்கும். அந்த நஞ்சை அகற்றுகிற சரக்கோ, குடியாலும் பட்டினியாலும் குறைந்திருக்கும். இரண்டு வேளை போட வேண்டியதை ஆறு வேளை போட்டால் ஈரல் ஒரேயடியாகப் பழுதாகலாம். சத்தான சாப்பாடில்லாமல் குடித்தால் தயமின் என்ற விற்றமின் குறைந்து நரம்பும் ஞாபகமும் கெடும். கால் எரிவும் விறைப்பும் குடியால் வந்த நரம்புக் கோளாறாக இருக்கும்போது, அதற்கும் "இன்னொரு கால் அடிச்சா சரியாயிடும்" என்று மருந்து சொல்கிறோம்.

"கசிப்பை ஒழிக்க பார் வேணும்"

அனுமதிப்பத்திரம் கேட்கிறவர்களின் பெரிய நியாயம் இதுதான். கசிப்பு ஆபத்து என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் ஆபத்து எங்கே என்று சரியாகச் சொல்ல வேண்டும். சீனியையும் மதுவத்தையும் நொதிக்க வைத்தால் வருவது பெரும்பாலும் எதனோல்தான். ஆட்களைக் கூட்டமாகக் கொல்வது வலு காட்டவோ மலிவாக்கவோ யாரோ கலக்கிற தொழிற்சாலை மெதனோல். எதனோலை மாற்றுகிற அதே நொதியம் மெதனோலை மாற்றும்போது வருவது போர்மல்டிகைட்டு, பிறகு போமிக் அமிலம். இது கண் நரம்பைத் தின்னும். குடித்து ஒரு நாள் கழித்துக்கூடக் கண் மங்கலாம், மூச்சு வாங்கலாம். அப்படி வந்தால் மோர் கொடுத்துக்கொண்டு வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் நேரம் போனால் பலனில்லை.

2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்தது இதுதான். மெதனோல் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள், எங்களைப் போன்ற குடும்பங்கள். தமிழ்நாட்டில் மதுக்கடையை அரசாங்கமே நடத்துகிறது. 2003இலிருந்து டாஸ்மாக், 4,000க்கு மேற்பட்ட கடைகள். கடை திறந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்றால் அங்கே எப்போதோ ஒழிந்திருக்க வேண்டும். கடை, புதுசாகக் குடிக்கிறவரைச் சேர்க்கும். அந்தக் கடை விலை கட்டாதவர் மறுபடி மலிவைத் தேடிப் போவார். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும்.

யாருக்கு இலாபம்?

பிரித்தானியர் காலத்திலேயே சாராயக் குத்தகை அரசாங்கத்துக்கு நல்ல வருமானம். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தவறணை நாட்டின் கஜானாவுக்குப் பால் கொடுக்கிற மாடு. எந்தக் கட்சி வந்தாலும் அதன் கயிற்றை விட்டதில்லை. 2024இல் மட்டும் வழங்கப்பட்டவை என்று அந்த வருட டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளியான பட்டியலில் 361 மதுபான அனுமதிப்பத்திரங்கள் இருந்தன. அது தேர்தல் வருடம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அதே 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. 1,000 ரூபாவுக்காக எத்தனை வருசம் ரோட்டில் நின்றோம், அது 2021இல்தான் கிடைத்தது. சம்பளத்தை ஏற்ற ஆண்டுக்கணக்கு, அனுமதிப்பத்திரத்துக்கு மாதக்கணக்கு. ஒரு கால் போத்தலின் விலைக்கும் ஒரு நாள் சம்பளத்துக்கும் நடுவில் பெரிய தூரமில்லை என்பது எங்கள் எல்லார் வீட்டுக்கும் தெரிந்த கணக்கு. கொழுந்துக் கூடையைத் தூக்கியது பெரும்பாலும் அம்மாமார். முன்னர் பல தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தையும் கணவனே கைநீட்டி வாங்குவது வழக்கமாக இருந்தது. இன்று கையெழுத்து மாறியிருக்கலாம், காசு போய்ச் சேரும் இடம் மாறிவிட்டதா?

இன்னொரு பக்கம், "தோட்டத்து ஆளுங்கன்னாலே குடிதான்" என்று சொல்கிறவர்கள். கெம்பசில் எங்களிடம் நேராகவே சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான். எதனோல் இனம், தோட்டம், டவுன் பார்ப்பதில்லை. கொழும்பு ஹோட்டலில் குடித்தால் "சோசியல் டிரிங்கிங்", லயத்தில் குடித்தால் "குடிகாரச் சனம்" என்பது இரசாயனம் இல்லை, வர்க்கம். 10க்கு 12 அடிக் காம்பராவில் ஒருவர் குடித்தால் ஆறு பேர் அதைக் கேட்டுக்கொண்டு படுக்க வேண்டும், ஒளிக்க இடமில்லை. வசதியான வீட்டில் கதவு இருக்கிறது. வித்தியாசம் அந்தக் கதவுதான்.

பரிதாபப்படுகிறவரும் கேவலப்படுத்துகிறவரும் கடைசியில் ஒரே இடத்துக்கு வருகிறார்கள்: "அவங்க அப்படித்தான்." அப்படித்தான் என்றால் கூரை ஒழுகுவதைப் பற்றி யாரும் பேச வேண்டாம். சுவரில் ஈரம் ஊறுவதைப் பற்றிப் பேச வேண்டாம். முதுகு வலிக்கு ஏன் தோட்டத்தில் ஒழுங்கான வைத்தியர் இல்லை என்று கேட்க வேண்டாம். குளிருக்கு மருந்து சாராயம் என்று நாங்களே ஒத்துக்கொண்டால், குளிருக்கு மருந்து வீடு என்று கேட்கிற வாயை நாங்களே அடைத்துக்கொண்டோம்.

பெண்கள் விசயத்தில் இரட்டை நாக்கு

ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தால் பெண்ணின் இரத்தத்தில் எதனோல் கூடுதலாக இருக்கும். உடம்பில் தண்ணீரின் பங்கு குறைவு என்பது முக்கிய காரணம். அதனால் பெண்ணின் ஈரல் சீக்கிரம் பாதிக்கும். கர்ப்பத்தில் குடித்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி கெடலாம். இதைச் சொல்ல வேண்டும். ஆனால் இதைச் சொல்கிற வாய் பெரும்பாலும் வேறொன்றைச் சொல்கிறது: "பொம்பள குடிச்சா குடும்பம் என்னாவது?" ஆம்பிளை குடித்து என்னானது என்று அது கேட்பதில்லை. பெண்கள் மதுபானம் வாங்குவதற்கு 1979இலிருந்து இருந்த தடையை 2018 தையில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார், சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை மீளப்பெற வைத்தார். அந்த ஒரு வாரம் நாடே பெண்களின் கிளாசைப் பற்றித்தான் பேசியது. ஆண்களின் கிளாசால் உடைந்த கைகளைப் பற்றி அப்படி ஒரு வாரம் பேசியதுண்டா? லயத்தில் வலிக்காக ஒளித்துக் குடிக்கிற அக்காவுக்கு வேண்டியது வைத்தியம். அவமானம் அவருக்கு ஏற்கனவே போதுமான அளவு கிடைக்கிறது.

என்ன கேட்கிறோம்?

1992இல் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்ற கிராமத்துப் பெண்கள் எழுத்தறிவு வகுப்புக்குப் போனார்கள். பாடப்புத்தகத்தில் சாராயத்தைப் பற்றி ஒரு கதை இருந்தது. படித்தார்கள், பேசினார்கள், பிறகு எழும்பிப் போய்க் கடையை மூட வைத்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவி 1993 ஒக்டோபரில் சாராயம் தடைசெய்யப்பட்டது, 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் வருமானம் போதாதென்று அரசாங்கம் மதுவிலக்கைத் தளர்த்தியது. இதில் எங்களுக்கு இரண்டு பாடம். படித்த விசயம் கையில் இருந்தால் கூலிப் பெண்களால் அரசாங்கத்தையே அசைக்க முடியும். அரசாங்கத்திடம் மட்டும் விட்டுவைத்தால் கடை திரும்ப வரும்.

அதனால் அரசாங்கத்திடமும் கேட்கிறோம், எங்களிடமும் கேட்கிறோம். தோட்டங்களுக்குப் பக்கத்தில் புதிய அனுமதிப்பத்திரம் வேண்டாம். வேண்டியது ஒழுகாத கூரை, காய்ந்த சுவர், மலைக்குப் போக நல்ல மழை அங்கி, வலிக்கு மருந்து தருகிற வைத்தியர். குடியை விட நினைப்பவருக்குத் தமிழில் பேசுகிற சிகிச்சைப் பிரிவு. இது முக்கியம்: நெடுநாள் நிறையக் குடித்த ஒருவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கோயிலில் சத்தியம் வாங்கி வீட்டில் கட்டிப்போடாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே மருந்து கொடுத்துப் படிப்படியாக நிறுத்துவார்கள்.

தொழிற்சங்கக்காரர்களிடம் கேட்கிறோம்: அடுத்த தேர்தலில் லயத்துக்குச் சாராயப் பெட்டி இறக்குகிறவர் எந்தக் கட்சியானாலும் பெயரைச் சொல்லி மேடையில் கண்டியுங்கள். இறக்குகிறவர் உங்கள் ஆளென்றால் இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள்.

எங்கள் வயசுக்காரர்களிடம் ஒரு சின்ன வேலை. தோட்டத்து வாசிகசாலையிலோ, கிளப்பிலோ, கோயில் மடத்திலோ ஒரு பலகை இருக்கும். அதில் இரண்டு வரி எழுதிவையுங்கள்: ஒரு கால் சாராயம் 47 கிராம் எதனோல், போக ஆறு மணித்தியாலம். இரண்டு டின் ஸ்ட்ரோங் பியர் 70 கிராம், போக ஒன்பது மணித்தியாலம். அதைப் பார்த்து யாராவது "குளிருக்குத்தானே தம்பி" என்று சிரித்தால், சண்டை போட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து தோலுக்கு வருகிற இரத்தத்தின் கதையைச் சொல்லுங்கள். பிறகு அவர் வீட்டுக் கூரை எத்தனை இடத்தில் ஒழுகுகிறது என்று கேட்டு, அதையும் அதே பலகையில் கீழே எழுதிவையுங்கள்.